பாதி மருந்து

என் மேசை இழுப்பறையில் பழைய 40 பக்க நோட்டு ஒன்று கிடக்கிறது. ஒரு பங்கிலிருந்து மற்றொரு பங்கிற்கு மாற்றலாகும்போதெல்லாம் புத்தகங்களில் பாதியை அங்கேயே விட்டுவிட்டு வருவது என் வழக்கம். இந்த நோட்டை மட்டும் இதுவரை எங்கும் விட்டுவிட்டு வந்ததில்லை. 1998ஆம் ஆண்டு, நெல்லைச் சீமையின் ஒரு பங்கில் நான் உதவிப் பங்குத்தந்தையாய் இருந்தபோது, அங்கிருந்த வின்சென்ட் தே பவுல் சபையின் வரவு செலவு எழுதப்பட்ட நோட்டு அது. செயலாளர் முதியவர், கண்பார்வை மங்கியவர். ஆகவே கணக்கு எழுதும் பணி என்னிடம் வந்தது. நவம்பர் மாதப் பக்கத்தில் என் கையெழுத்தில் ஒரு வரி இருக்கிறது: ‘கொத்தனார் மருந்து, பாதி.’ அதன் கீழே தொகை. அந்தத் தொகையைக் கண்டு அன்று நான் மகிழ்ந்தேன். கையிருப்பில் சிறிது மிஞ்சியிருந்தது.

எங்கள் சபையில் 11 பேர் இருந்தார்கள். ஒரு தலைமையாசிரியர், ஒரு தபால்காரர், இரண்டு தையற்காரர்கள், மற்றவர் சிறு விவசாயிகள். 1833இல் பாரிஸ் நகரில் பிரடெரிக் ஓசானாம் என்ற 20 வயது மாணவர் தம் நண்பர்கள் சிலரோடு இச்சபையைத் தொடங்கியபோது அவர்களிடமும் பெரும் பணம் இருக்கவில்லை. ஏழையின் வீட்டிற்கு நேரில் போவது, கூட்டம் முடியும்போது ஒரு பையைச் சுற்றி அனுப்புவது, இவ்வளவே அவர்கள் வகுத்த முறை. அந்தப் பையில் யார் எவ்வளவு போட்டார் என்பது பக்கத்திலிருப்பவருக்கும் தெரியாது. எங்கள் ஊரிலும் அப்படித்தான். வாரக் கூட்டத்தில் சிவப்புத் துணிப்பை சுற்றி வரும். அதைத் தட்டில் கவிழ்க்கும்போது எழும் ஓசையைக் கொண்டே தபால்காரர் தொகையைச் சொல்லிவிடுவார். பெரும்பாலும் அவர் சொல்வது சரியாகவே இருக்கும்.

அது போதவில்லை என்பதால் பிடி அரிசி வாங்கினோம். வாசகர்களில் பலருக்கு இது புதிதன்று. உலையில் அரிசி போடும்போது ஒரு கைப்பிடியை எடுத்துத் தனிப்பானையில் போட்டு வைப்பார்கள் பெண்கள். ஞாயிறுதோறும் அது கோயிலுக்கு வரும். பத்து வகை அரிசி கலந்து கிடக்கும். புழுங்கலும் பச்சையும் ரேஷனும் ஒன்றாய் இருப்பதால் கடைக்காரர் வாங்கமாட்டார், ஏழைகளுக்கே கொடுத்துவிடுவோம். அதற்கும் மேலே வேண்டியிருந்தால் திருவிழாவில் ஏலம் உண்டு. முதல் வாழைத்தார், முதல் முருங்கைக்கட்டு, ஒரு சேவல். சேவலை ஏலம் எடுத்தவரே மறுபடியும் கோயிலுக்குக் கொடுத்துவிட, அதே சேவல் மூன்று முறை விலைபோனதை நான் பார்த்திருக்கிறேன்.

நிதி திரட்டுவதில் என் அனுபவம் கற்றுத்தந்த ஒன்றை இங்கே சொல்லவேண்டும். கோபுரத்திற்குக் கேட்டால் கொடுப்பார்கள். தேருக்குக் கேட்டால் கடன் வாங்கியாவது கொடுப்பார்கள். நோயாளிக்குக் கேட்டாலும் கொடுப்பார்கள், ஆனால் யார் அந்த நோயாளி என்று சொல்லவேண்டும். சொல்ல முடியாத நோயாளிக்காகக் கேட்பதுதான் கடினம். தேருக்குக் கொடுத்தவர் பெயரை ஒலிபெருக்கியில் வாசிக்கிறோம். தேரும் எல்லாருடைய கண்முன்னே வருகிறது. காசநோய்க்காரருக்குக் கொடுத்த பணம் எங்கே போயிற்று என்று எவருக்கும் காட்ட இயலாது. அவர் பெயரை நோட்டிலே எழுதக்கூடாது என்பது எங்கள் சபையின் விதி. அதனால்தான் ‘கொத்தனார்’ என்று மட்டும் எழுதினேன்.

அவருக்கு அப்போது 34 வயது. கிளைப்பங்கு ஒன்றில், பீடி சுற்றும் தெருவில் குடியிருந்தார். மனைவி சொளவை மடியில் வைத்துக்கொண்டு நாள் முழுவதும் பீடி சுற்றுவார். ஏழு வயதில் ஒரு மகள், பள்ளி விட்டு வந்ததும் தாய்க்கு இலை வெட்டிக் கொடுப்பாள். இருமல் நீண்ட நாளாய் இருந்தும் அவர் அரசு மருத்துவமனைக்குப் போகவில்லை. அங்கே போய் வரிசையில் நின்றால் ஊருக்குத் தெரிந்துவிடும், பிறகு வீடு கட்ட எவனும் கூப்பிடமாட்டான் என்பது அவருடைய அச்சம். நாள் கூலி போகுமே என்ற கணக்கும் இருந்தது. பக்கத்து நகரில் ஒரு தனியார் மருத்துவர் படம் எடுத்து, சளியைச் சோதித்து, காசநோய் என்று உறுதி செய்தார். முதல் இரண்டு மாதம் நான்கு மருந்துகள், அடுத்த நான்கு மாதம் இரண்டு மருந்துகள், ஒரு நாளும் விடக்கூடாது என்று எழுதிக்கொடுத்தார். அந்த மருத்துவர்மீது எனக்கு எக்குறையும் இல்லை. அவர் சரியாகவே எழுதினார்.

செப்டம்பரிலும் அக்டோபரிலும் நான்கு மருந்துகளையும் வாங்கிக் கொடுத்தோம். நவம்பரில் மழை பிடித்துக்கொண்டது. வேலையில்லை, துணிப்பையின் ஓசை மெலிந்துவிட்டது. இனி வாங்கவேண்டிய மருந்துகள் இரண்டுதான். ஒன்று ஐசோனியாசிட், வெள்ளை மாத்திரை, விலை மிகக் குறைவு. மற்றொன்று ரிபாம்பிசின், சிவப்பு மாத்திரை. அதுதான் கைக்கு எட்டாத விலை. மருந்துக்கடையில் நின்று, பணத்தை இரண்டு முறை எண்ணிப் பார்த்துவிட்டு, ‘இந்த மாதம் வெள்ளையை மட்டும் கொடுங்கள், சிவப்பை அடுத்த மாதம் வாங்கிக்கொள்கிறேன்’ என்றேன். ஒரு மூட்டை அரிசிக்குப் பணமில்லாதபோது அரை மூட்டை வாங்குவதில்லையா? அந்த நியாயம்தான் அன்று என் மனத்தில் இருந்தது. இறையியலில் நான்காண்டு படித்தவன் நான். மருந்து எப்படி வேலை செய்கிறது என்று எவரிடமும் கேட்க எனக்குத் தோன்றவில்லை.

ரிபாம்பிசின் உட்கொள்பவருக்குச் சிறுநீர் செம்மஞ்சளாய்ப் போகும். கண்ணீரும் வியர்வையும்கூட நிறம் மாறும். முதல் வாரத்தில் கொத்தனார் அதைக் கண்டு இரத்தம் போகிறதென்று அலறி, நாங்கள் போய்த் தேற்றினோம். நவம்பர் இறுதியில் நான் அவர் வீட்டிற்குப் போனபோது அவர் முகம் மலர்ந்திருந்தது. “சாமி, செவப்பு போயிட்டு. நோவு எறங்கிட்டுன்னு தோணுது” என்றார். நானும், “கடவுளுக்கு நன்றி சொல்லுங்கள்” என்று சொல்லி, அங்கேயே நின்று அவருக்காகச் செபித்தேன். மருந்து நின்றுபோனதை நோய் நின்றுபோனதாக நாங்கள் இருவரும் எடுத்துக்கொண்டோம்.

டிசம்பரில் கிறிஸ்து பிறப்புப் பாடற்குழு வீடு வீடாகச் சென்று திரட்டிய பணத்தில் ஒரு பங்கு எங்களுக்கு வந்தது. இரண்டு மருந்துகளையும் வாங்கினோம். ஜனவரியில் எங்கள் தலைமையாசிரியருக்குத் தெரிந்த மருந்து விற்பனைப் பிரதிநிதி ஒருவர் மாதிரிக்கென்று தாம் வைத்திருந்த சிவப்பு மாத்திரைகளை இலவசமாகத் தந்தார். விலையுயர்ந்ததே கிடைத்துவிட்டது, பிறகு வெள்ளை எதற்கு என்று அம்மாதம் அதை வாங்கவில்லை. மிஞ்சிய பணத்தில் குழந்தைக்குப் பாவாடை சட்டை எடுத்துக் கொடுத்தோம். நோட்டில் அதுவும் இருக்கிறது. பிப்ரவரியில் உடம்பு தேறிவிட்டதாக எண்ணி அவர் கேரளத்திற்கு வேலைக்குப் போய்விட்டார். ஜூன் மாதம் திரும்பியபோது இரத்தமாய் இருமினார். இம்முறை அரசு மருத்துவமனைக்குக் கொண்டுசென்றோம். மருந்துக்குக் கட்டுப்படாத நோய் என்றார்கள். 2000ஆம் ஆண்டு தவக்காலத்தில் அவரை அடக்கம் செய்தேன்.

என்ன நிகழ்ந்தது என்று பின்னர்தான் படித்துத் தெரிந்துகொண்டேன். நுரையீரலில் காசநோய் குடைந்த ஒரு குழிக்குள் கிருமிகள் கோடிக்கணக்கில் இருக்கும். அவற்றுள் ஏறத்தாழ 10 இலட்சத்தில் ஒன்று, எந்த மருந்தையும் பார்ப்பதற்கு முன்பே, ஐசோனியாசிடுக்கு அடங்காததாய்ப் பிறந்திருக்கும். ஏறத்தாழ 10 கோடியில் ஒன்று ரிபாம்பிசினுக்கு அடங்காது. இரண்டுக்கும் அடங்காத கிருமி ஒன்று இயல்பாகப் பிறப்பது அநேகமாய் நடவாத காரியம். ஆகவே இரண்டையும் ஒன்றாய்க் கொடுத்தால் ஒன்றுக்குத் தப்பியதை மற்றது பிடித்துவிடும். ஒன்றை மட்டும் கொடுத்தால், அதற்கு அடங்காதவை மட்டும் பிழைத்துப் பெருகும். அடுத்த மாதம் மற்றதை மட்டும் கொடுத்தால், அப்படிப் பெருகிய கூட்டத்திலிருந்து இரண்டுக்கும் அடங்காதவை தேறி வரும். எங்கள் நோட்டில் நவம்பரும் ஜனவரியும் அந்த வரிசையில்தான் நிற்கின்றன.

இதை நான் அறியாவிட்டாலும் உலகம் நெடுநாளைக்கு முன்பே அறிந்திருந்தது. ஸ்ட்ரெப்டோமைசின் கண்டுபிடிக்கப்பட்டபின் பிரிட்டனில் 107 நோயாளிகளிடம் நடத்திய ஆய்வு 1948இல் வெளியானது. அம்மருந்து பெற்றவர்கள் வியக்கத்தக்கவாறு தேறினார்கள். ஆனால் அவர்களில் பலருடைய கிருமிகள் சில மாதங்களிலேயே மருந்தை எதிர்க்கத் தொடங்கிவிட்டன. அதன்பின் பாஸ் என்னும் மருந்தைச் சேர்த்துக் கொடுத்தார்கள். 1952இல் ஐசோனியாசிட் வந்தது. காசநோய்க்கு ஒற்றை மருந்து உதவாது, கூட்டு மருந்தே மருந்து என்பது நான் பிறப்பதற்கு முன்பே முடிந்துபோன பாடம்.

ஆனால் அந்தக் கூட்டு நெடுநாள் காகிதத்தில் மட்டுமே இருந்தது. மருத்துவர் நான்கை எழுதுவார். கடைக்காரரோ நோயாளியோ நானோ அதைப் பிரித்துவிடலாம். பிரிக்க முடியாதபடி ஒரே மாத்திரைக்குள் நான்கையும் வைத்துவிட்டால் என்ன? கேட்பதற்கு எளிதாய்த் தோன்றும் இது செய்வதற்கு எளிதாக இருக்கவில்லை. நான்கு பொடிகளையும் ஒன்றாய்க் கலந்து அழுத்திவிட்டால் மாத்திரை ஆகிவிடும், மருந்தாகாது. ரிபாம்பிசின் வயிற்றின் அமிலத்தில் சிதையக்கூடியது. ஐசோனியாசிட் பக்கத்திலிருந்தால் இன்னும் விரைவாய்ச் சிதையும். ஒன்றாயிருக்க வேண்டிய இரண்டும் ஒன்றையொன்று கெடுக்கின்றன என்பது விந்தை. திருமண ஆயத்த வகுப்புகளில் இதை நான் உவமையாகச் சொல்வதுண்டு, பிள்ளைகள் சிரிப்பார்கள். தரக்குறைவாய்த் தயாரித்த கூட்டு மாத்திரையை விழுங்கினால் ரிபாம்பிசின் போதிய அளவு இரத்தத்தில் சேராமல் போகலாம். நோயாளி ஒழுங்காய் மருந்து உண்டும் பாதி மருந்து உண்டவராகவே இருப்பார். எனவே கூட்டு மாத்திரையிலிருந்தும் அந்த மருந்து உரிய அளவில் இரத்தத்தில் சேர்கிறது என்று மெய்ப்பிக்கப்பட்டவற்றையே பயன்படுத்தவேண்டும் என்று உலக சுகாதார நிறுவனமும் காசநோய்க்கு எதிரான பன்னாட்டு ஒன்றியமும் 1990களில் வற்புறுத்தின. 1999இல்தான் நான்கு மருந்துகளும் சேர்ந்த மாத்திரை உலக சுகாதார நிறுவனத்தின் இன்றியமையா மருந்துப் பட்டியலில் ஏறியது. ரிபாம்பிசின் 150 மில்லிகிராம், ஐசோனியாசிட் 75, பைரசினமைடு 400, எத்தாம்புட்டால் 275. நோயாளியின் எடையைப் பார்த்து நாளொன்றுக்கு இத்தனை மாத்திரை என்று சொன்னால் போதும். குழந்தைகளுக்கோ அதன்பிறகும் பெரியவர்களின் மாத்திரையை உடைத்தும் பொடித்தும் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். தண்ணீரில் கரையக்கூடிய, பழச்சுவையுள்ள குழந்தைகள் மாத்திரை 2015 டிசம்பரில்தான் வந்தது.

கூட்டு மருந்து என்றாலே நன்று என்று எவரும் எண்ணிவிடக்கூடாது. காய்ச்சலுக்கும் இருமலுக்கும் சர்க்கரை நோய்க்கும் காரணமின்றி இரண்டையும் மூன்றையும் சேர்த்து விற்கும் வாணிகம் நம் நாட்டில் பெருகியதால், 2018 செப்டம்பரில் மத்திய அரசு 328 கூட்டு மருந்துகளைத் தடை செய்தது. காசநோய்க் கூட்டு மாத்திரையிலும் ஓர் இடர் உண்டு. மஞ்சள் காமாலை கண்டால் நான்கில் எது காரணம் என்று அறிய மறுபடியும் தனித்தனி மருந்துகளையே நாடவேண்டும். இருந்தாலும் என் கையில் 1998இல் அந்தக் கூட்டு மாத்திரை இருந்திருந்தால் என்ன செய்திருப்பேன் என்று எண்ணிப் பார்க்கிறேன். பணம் குறைந்தபோது பாதி நாளுக்கான மாத்திரையை வாங்கியிருப்பேன். அதுவும் தவறுதான், ஆனால் இவ்வளவு கொடிய தவறாக இருந்திராது.

சிறு பணத்தைக் குறைத்துப் பேசுவதாக எவரும் கருதவேண்டாம். காசநோய்க்கு எதிரான போரில் சிறு பணத்திற்கு ஒரு நீண்ட வரலாறு உண்டு. அது கிறிஸ்து பிறப்பு விழாவோடு பின்னிக்கிடக்கிறது. டென்மார்க்கில் ஐனர் ஹோல்பெல் என்ற தபால் ஊழியர், விழாக்காலத்தில் மலைபோல் குவியும் வாழ்த்து அட்டைகளைப் பிரித்துக்கொண்டிருந்தபோது, ஒவ்வொன்றிலும் ஒரு சிறு வில்லையைக் கூடுதலாய் ஒட்டினால் காசநோயுற்ற குழந்தைகளுக்கு ஒரு மருத்துவமனை எழுப்பலாமே என்று எண்ணினார். 1904 டிசம்பரில் முதல் வில்லை வெளிவந்தது. அவ்விழாக் காலத்திலேயே 40 இலட்சத்திற்கு மேல் விற்றது. 1907இல் அமெரிக்காவின் டெலவேர் மாநிலத்தில் சிறியதொரு காசநோய் விடுதி 300 டாலர் இல்லாமல் மூடப்படும் நிலைக்கு வந்தபோது, எமிலி பிசெல் என்ற பெண்மணி அதே வழியைப் பின்பற்றினார். ஒரு சென்ட் விலையுள்ள வில்லைகளால் அவருக்கு வந்தது ஏறத்தாழ 3,000 டாலர். நம் நாட்டிலும் இந்தியக் காசநோய்ச் சங்கம் 1950 முதல் இத்தகைய வில்லைகளை வெளியிட்டு வந்தது. என் பள்ளி நாட்களில் தலைமையாசிரியர் வகுப்புக்கு வகுப்பு அவற்றைக் கொடுத்தனுப்புவார். எதற்கென்று தெரியாமலே நானும் வாங்கி, கணக்கு நோட்டின் அட்டையில் ஒட்டியிருக்கிறேன்.

ஆராய்ச்சியைக்கூடச் சில்லறைக் காசு தாங்கியிருக்கிறது. 1938இல் அமெரிக்கக் குடியரசுத் தலைவரின் மாளிகைக்கு மக்கள் பத்து சென்ட் நாணயங்களை உறையிலிட்டு அனுப்பத் தொடங்கியபோது, அஞ்சல் மூட்டைகளைப் பிரிக்கவே ஆள் போதவில்லையாம். அவ்வாறு தொடங்கிய அறக்கட்டளையின் பணத்தில்தான் ஜோனாஸ் சால்க்கின் இளம்பிள்ளைவாதத் தடுப்பூசி உருவாகி, 1955இல் வெற்றி என்று அறிவிக்கப்பட்டது. அதுவும் ஒரு கூட்டு மருந்தே. மூன்று வகை வைரசுகளையும் ஒரே ஊசியில் அடக்கியது.

ஆனால் இவர்கள் எல்லாரும் பணத்தைத் திரட்டியபின் அதை எப்படிச் செலவிடவேண்டும் என்று அறிந்தவர்களிடம் ஒப்படைத்தார்கள். நாங்கள் திரட்டினோம்; நாங்களே செலவிட்டோம். குருமடத்தில் கொரிந்தியருக்கு எழுதிய இரண்டாம் திருமுகத்தின் எட்டாம் அதிகாரத்தைப் படித்தபோது, எருசலேம் ஏழைகளுக்கென்று திரட்டிய காணிக்கையைக் கொண்டுசெல்லப் புனித பவுல் தம்மோடு வேறு ஆட்களையும் அனுப்பியது ஏன் என்று தேர்வில் கேட்டிருந்தார்கள். பணத்தின்மீது பழிச்சொல் வராதிருக்க என்று எழுதி நல்ல மதிப்பெண் பெற்றேன். என் கணக்கிலும் ஒரு பைசா பழி கிடையாது. தணிக்கை செய்த மூத்த குரு, ‘மிக நேர்த்தி’ என்று அந்த நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதிக் கையொப்பமிட்டிருக்கிறார்.

அதன்பின் எத்தனையோ மாறிவிட்டன. கண்காணிப்போடு இலவச மருந்து அளிக்கும் அரசுத் திட்டம் 2006இல் நாடு முழுவதும் எட்டியது. 2017இல் நாள்தோறும் உண்ணும் கூட்டு மாத்திரை எல்லா மாநிலங்களுக்கும் வந்தது. மருந்துக்காகச் சபை பணம் திரட்டவேண்டிய தேவை அநேகமாய் நீங்கிவிட்டது. அப்படியானால் பிடி அரிசி எதற்கு என்று அப்போது நான் இருந்த பங்கில் இளைஞர்கள் கேட்டார்கள். நியாயமான கேள்வி. 1956இல் சென்னை சேத்துப்பட்டில் தொடங்கிய காசநோய் மருத்துவ ஆய்வு மையம் உலகையே வியக்க வைத்த ஓர் உண்மையை 1959இல் வெளியிட்டது. சானடோரியத்தில் படுத்து, நல்ல உணவு உண்டவர்களும், குடிசையில் இருந்துகொண்டு எளிய உணவோடு மருந்து உண்டவர்களும் ஏறத்தாழ ஒரே அளவில் குணமானார்கள். இதனால் உலகெங்கும் சானடோரியங்களின் காலம் முடியத் தொடங்கியது. ஏழைக்கு அது பெரும் விடுதலை. ஆனால் உணவு தேவையே இல்லை என்று சிலர் அதைப் பிழையாய்ப் படித்துவிட்டார்கள் என்பது என் எண்ணம். ஜார்க்கண்டில் நடந்து 2023இல் வெளியான ஆய்வு மறுபக்கத்தைக் காட்டியது. நோயாளிக்கும் அவர் வீட்டாருக்கும் மாதந்தோறும் அரிசியும் பருப்பும் கொடுத்தபோது, வீட்டாருக்குப் புதிதாய் நோய் காண்பது 39 விழுக்காடு குறைந்தது. பிடி அரிசியின் வேலை எதுவென்று அந்த ஆய்வைப் படித்தபோது தெளிந்தேன். நோயாளியின் உணவுக்கென்று அரசு 2018 முதல் மாதம் 500 ரூபாய் கொடுத்தது. 2024 நவம்பரில் அது 1,000 ரூபாய் ஆயிற்று. ஒரு குடும்பத்திற்கு அது போதுமா என்று கடைக்குப் போகிறவர்களுக்குத் தெரியும்.

2019ஆம் ஆண்டு ஆகஸ்டில் ஒரு காலைத் திருப்பலிக்குப் பின், மெலிந்த இளம்பெண் ஒருத்தி பங்குத்தந்தை இல்லத்தின் வாசலில் நின்றாள். சேலைத் தலைப்பால் வாயை மூடியிருந்தாள். “சாமிக்கு என்னத் தெரியாது. எங்க அப்பா கொத்தனாரு” என்று ஊர்ப் பெயரைச் சொன்னாள். எங்கள் பங்கிலேயே வாழ்க்கைப்பட்டு வந்து நான்காண்டு ஆகிறதாம். மூன்று வாரமாய் இருமல், மாலையில் காய்ச்சல். அரசு மருத்துவமனையில் சளி கொடுத்திருக்கிறாள். காசநோய்தான் என்று சொல்லிவிட்டார்கள். மருந்துக்குக் கட்டுப்படுமா என்று பார்க்கும் சோதனையின் முடிவு மறுநாள் வரும்.

அந்த ஒரு நாளை எப்படிக் கழித்தேன் என்று எழுதுவது கடினம். இன்றுள்ள கருவி சில மணி நேரத்தில் கிருமியைக் கண்டறிவதோடு, அது ரிபாம்பிசினை எதிர்க்கிறதா என்றும் சொல்லிவிடும். எதிர்க்கிறது என்று வந்தால்? காசநோய்க் கிருமி ஒருவர் உடலில் 20 ஆண்டு உறங்கிக் கிடந்து எழக்கூடியது. ஏழு வயதில் தந்தையின் பக்கத்தில் படுத்திருந்த குழந்தை அவள். நவம்பரில் ஒன்றும் ஜனவரியில் மற்றொன்றுமாய் நான் வாங்கிக் கொடுத்து வளர்த்த கிருமியே அவள் நெஞ்சில் இருந்தால்? அன்றிரவு நற்கருணைப் பேழைமுன் அமர்ந்திருந்தேன். செபம் வரவில்லை. மருந்துக்கடையின் கண்ணாடிப் பலகையும் அதன்மேல் நான் எண்ணி வைத்த நோட்டுகளுமே கண்முன் வந்தன.

மறுநாள் பிற்பகல் அவளே முடிவைக் கொண்டுவந்தாள். ரிபாம்பிசின் எதிர்ப்பு காணப்படவில்லை. அவளுக்கு அந்த வரியின் பொருள் தெரியாது. நான் விளக்கிச் சொன்னேன். எனக்கு உடம்பெல்லாம் தளர்ந்தது. அங்கிருந்த மருத்துவ அலுவலரைப் பின்னர் சந்தித்தபோது, இது தந்தையின் கிருமியாக இருக்கவேண்டும் என்பதில்லை, ஊரில் வேறெவரிடமிருந்தும் வந்திருக்கலாம் என்றார். ஆக, அந்தச் சோதனை அவளைப் பற்றித்தான் பேசியது. என்னைப் பற்றி எதுவும் சொல்லவில்லை.

அவள் மாத்திரை அட்டையைக் காட்டினாள். செங்கல் நிறத்தில் நான்கும் ஒன்றாய் அடங்கிய மாத்திரைகள். நாளைக்கு மூன்று விழுங்கவேண்டுமாம். “இதுல ஒண்ணு விட்டா பரவால்லையா சாமி?” என்று கேட்டாள். நான் கேளாததை அவள் கேட்டுவிட்டாள். அதற்குமேல் மறைக்க முடியவில்லை. இழுப்பறையிலிருந்து நோட்டை எடுத்து, நவம்பர்ப் பக்கத்தையும் ஜனவரிப் பக்கத்தையும் அவள்முன் வைத்து, நடந்ததையெல்லாம் சொன்னேன். ஒப்புரவு அருட்சாதனத்தில் இதை நான் பலமுறை சொல்லியிருக்கிறேன், மன்னிப்பும் பெற்றிருக்கிறேன். ஆனால் சொல்லவேண்டிய இடத்தில் சொன்னது அதுவே முதல் முறை.

அவள் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, “அம்மா சொல்லும், அந்த வருசம் சாமி கொடுத்த அரிசிலதான் பொங்குனோம்னு. எல்லா அரிசியும் கலந்து கெடக்குமாம், ஒண்ணு வெந்து ஒண்ணு வேவாதாம்” என்றாள். மன்னித்தேன் என்று அவள் சொல்லவில்லை. சொல்லவேண்டும் என்று நான் எதிர்பார்த்திருக்கவும் கூடாது. பாவாடை சட்டை என்று எழுதியிருந்த இடத்தை விரலால் தொட்டு, “மஞ்சக் கலரு” என்றாள். எனக்கு நிறம் நினைவில்லை.

பிறகு பக்கங்களை முன்னும் பின்னும் புரட்டிப் பார்த்தாள். எதைத் தேடுகிறாய் என்று கேட்டேன்.

“எங்க அப்பா பேரே இல்லியே சாமி?”

எழுதக்கூடாது என்பது சபையின் விதி, ஊருக்குத் தெரியக்கூடாது என்று உன் அப்பாதான் கேட்டுக்கொண்டார் என்றேன். அவள் தலையசைத்தாள். மேசைமேல் இருந்த பேனாவை எடுத்து, ‘கொத்தனார்’ என்று நான் எழுதியிருந்த ஒவ்வோர் இடத்திலும், செப்டம்பரிலிருந்து ஜனவரிவரை, அதன் பக்கத்தில் தன் தந்தையின் பெயரை நிதானமாய் எழுதினாள். ஐந்து இடங்கள். எழுதி முடித்து நோட்டை மூடி என்னிடம் தந்தாள். வெளியே வின்சென்ட் சபைத் தலைவர் அவளுக்கான அரிசியையும் பருப்பையும் நிறுத்துக் கட்டி வைத்திருந்தார். மூன்றரை மணிப் பேருந்துக்கு இன்னும் கால் மணி நேரம்தான் இருந்தது.